கூட்டத்தின் நடுவே தனி ஆட்டம்



ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு பாத்திரமாக உலவும் இணைய விளையாட்டுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆடுபவர்கள் எம்எம்ஓ என்று சுருக்கிச் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். இந்த உலகங்களில் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. ஒருவர், "எனக்குக் குழு வேண்டாம், நான் சோலோதான்" என்பார். உடனே இன்னொருவர், "தனியாக ஆடத்தான் இங்கே வந்தாயா? ஒரு ஆள் ஆடுகிற விளையாட்டை வாங்கி வீட்டில் ஆட வேண்டியதுதானே" என்று கேட்பார்.

கேள்வி கொஞ்சம் கடுமையானது, ஆனால் நல்ல கேள்வி. இன்று பேசப்போவது முழுவதும் அதற்கான பதில்தான். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூச்ச சுபாவம் உள்ளவர் தனியாக ஆடுவார், கலகலப்பானவர் குழுவில் ஆடுவார் என்று பிரித்துவிடுவது எளிது. நான் அதை நம்பவில்லை. குழுவில் சேருகிறவர் தன் நேரத்தை மற்றவர்களுக்கு வாக்காகக் கொடுக்கிறார். என்னால் எந்த வாக்கைக் காப்பாற்ற முடியும் என்ற கேள்வியிலிருந்துதான் இந்தத் தேர்வு தொடங்க வேண்டும்.

இந்த வகை விளையாட்டின் மூலத்தைத் தேடிப் போனால் 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்வோம். ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற விளையாட்டு அங்கே பிறந்தது. படம் கிடையாது, எல்லாம் எழுத்து. அதே பார்ட்டில் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆடுபவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர்கள், தேடித் திரிய வருபவர்கள், பழக வருபவர்கள், மற்றவர்களை வேட்டையாட வருபவர்கள். அந்த நான்கு பெயர்களும் பிரபலமாகிவிட்டன. கட்டுரையின் முக்கியமான பகுதியைத்தான் பலரும் விட்டுவிட்டார்கள். ஒரு வகையினர் பெருகினாலோ குறைந்தாலோ மற்ற மூன்று வகையினரின் வாழ்வும் மாறும் என்று அவர் காட்டியிருந்தார். மலையுச்சியில் தனியாக ரகசியப் பாதை தேடுகிறவரும் அந்தக் கணக்கில் அடக்கம். ஆக, எவ்வளவு தனியாக ஆடினாலும் ஒருவர் அந்த ஊர்க்காரர்தான்.

1999 மார்ச்சில் எவர்க்வெஸ்ட் வந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குழு ஆட்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிற பேச்சில் பாதி அங்கேதான் உருவானது. ஒரு குழுவில் ஆறு பேர் வரை சேரலாம். முன்னால் நின்று அடி வாங்க ஒரு வாரியர், காயம் ஆற்ற ஒரு கிளெரிக், கும்பலாகப் பாய்ந்து வரும் அரக்கர்களை மயக்கி நிறுத்த ஒரு என்சான்டர், தாக்குவதற்கு மற்றவர்கள். நெக்ரோமான்சர், ட்ரூயிட் போன்ற சில வகுப்பினர் ஓடி ஓடித் தாக்கும் தந்திரத்தால் தனியாகவும் பிழைத்துக்கொண்டார்கள். வாரியருக்கு அந்த வழி அடைபட்டது போலத்தான். அதாவது, பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்த முதல் பத்து நிமிடத்திலேயே தனியா குழுவா என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும். புதிதாக வந்தவருக்கு அப்படி ஒரு முடிவை எடுத்திருக்கிறோம் என்பதே தெரியாது.

செத்தால் என்ன ஆகும்? அனுபவப் புள்ளிகள் குறையும், சில நேரம் ஒரு லெவலே இறங்கிவிடும். வாள், கவசம், சேர்த்து வைத்த பொருள் எல்லாம் விழுந்த இடத்திலேயே பிணத்தோடு கிடக்கும். வேறோர் இடத்தில் வெறுங்கையோடு எழுந்து, தன்னைக் கொன்ற அரக்கர்கள் நடமாடும் இடத்துக்கே திரும்பிப் போய், தன் உடலைத் தானே மீட்க வேண்டும். குறித்த காலத்துக்குள் மீட்காவிட்டால் பொருளும் போய்விடும். மேல் லெவலில் உள்ள கிளெரிக் யாராவது மனம் வைத்து உயிர்ப்பித்தால், இழந்த புள்ளிகளில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். உதவிக்கு ஆள் இல்லாதவர் அந்த உலகத்தில் உண்மையிலேயே அனாதை.

காத்திருப்பும் இருந்தது. மந்திரம் பயன்படுத்துகிறவர்கள் சக்தி தீர்ந்தால் தரையில் உட்கார்ந்து அது ஊறும்வரை காத்திருக்க வேண்டும். தொடக்க லெவல்களில் மந்திரப் புத்தகம் விரிந்து திரையை மறைத்துக்கொள்ளும். பக்கத்தில் அரக்கன் வருகிறானா என்பதுகூடத் தெரியாது, கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் என்ன செய்வார்கள்? பேசுவார்கள். எந்த ஊர், என்ன வேலை, குழந்தை தூங்கிவிட்டதா என்று. பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் நெகிழ்ந்து சொல்லும் நட்புகளில் பலவும் வாள்வீச்சின் நடுவே உருவானவை அல்ல, இந்தச் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் உருவானவை. இன்னொன்றும் உண்டு. ஒரு சர்வரில், அதாவது அந்த உலகத்தின் ஒரு பிரதியில், இருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். குழுவை நடுவழியில் விட்டு ஓடியவர், பொதுவில் கிடைத்த பொருளை அபகரித்தவர் யார் என்பது நாலு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயர் கெட்டால் அடுத்த குழு கிடைக்காது.

இதைக் கேட்டால் பொற்காலம் போலத் தோன்றும். அதன் விலையையும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போய்த் திரும்பி இரவில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைத்தவர், அந்த ஒரு மணியையும் குழு தேடியே கழித்துவிட்டுப் படுக்கப் போன நாட்கள் ஏராளம். 2002இல் ஜப்பானில் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 11இல் இது இன்னும் கடுமை. பத்தாவது லெவலைத் தாண்டியதும் தனியாக முன்னேறுவது பெரும் பாடு. ஜூனோ நகரில் நின்றுகொண்டு யாராவது குழுவில் அழைப்பார்களா என்று மணிக்கணக்கில் பார்த்திருப்பார்கள். எந்த வகுப்புக்குத் தேவை அதிகமோ அவர்களுக்கு அழைப்பு உடனே வரும். மற்றவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். குழுவைக் கட்டாயமாக்கினால் நட்பு பிறக்கும் என்பது உண்மை. நேரம் இல்லாதவனை வாசலிலேயே நிறுத்திவிடும் என்பதும் அதே அளவு உண்மை.

2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இந்த வாசலை அகலத் திறந்தது. எந்த வகுப்பைத் தேர்ந்தெடுத்தாலும் சின்னச் சின்னக் குவெஸ்ட்களை, அதாவது பணிகளை, முடித்துக்கொண்டே தனியாக 60ஆம் லெவல் வரை போய்விடலாம். செத்தால் பொருள் போகாது. ஆவியாக நடந்து வந்து உடலில் புகுந்துகொள்ளலாம். 2010 அக்டோபரில் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 லட்சம் பேர் என்று நிறுவனம் அறிவித்தது. அந்த எண்ணிக்கையில் தனி ஆட்டக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் 60ஆம் லெவலில் ஒரு சுவர் நின்றது. அதற்கு மேல் நல்ல ஆயுதம் வேண்டும் என்றால் மோல்டன் கோர் போன்ற ரெய்டுகளுக்கு, அதாவது பெரும் படையாகச் சேர்ந்து தாக்கும் குகைகளுக்கு, போக வேண்டும். அதற்கு 40 பேர். இத்தனை பேரை வாரத்தின் குறித்த நாளில், குறித்த மணியில் ஒன்று சேர்ப்பதற்கு எவ்வளவு நிர்வாகம் தேவை! கில்ட் எனப்படும் சங்கத்துக்கு ஒரு தலைவர், அவருக்குக் கீழே அதிகாரிகள், வருகைப் பதிவு, கிடைத்த பொருளைப் பங்கிடும் முறை. டிகேபி என்ற புள்ளிக் கணக்கு எவர்க்வெஸ்ட் காலத்திலேயே உருவாகி இங்கே பரவலானது. ரெய்டுக்கு வந்தால் புள்ளி சேரும், பொருள் வேண்டுமானால் அந்தப் புள்ளியைச் செலவழிக்க வேண்டும். இதுவரை யாருக்கும் எதுவும் கடன்படாமல் ஆடி வந்தவர், திடீரென்று செவ்வாய் இரவும் வியாழன் இரவும் 39 பேருக்குக் கடமைப்பட்டவர் ஆகிறார். தனி ஆட்டம் பெரிதா குழு ஆட்டம் பெரிதா என்ற சண்டை இந்தச் சுவரின் அடியில்தான் மூண்டது. அறுபது படி தனியாக ஏறவிட்டு, அறுபத்தோராம் படியில் நாற்பது பேரோடு வா என்றால் மனிதர்களுக்குக் கோபம் வராதா?

நிறுவனம் அந்தச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இடித்தது. 2007இல் பெரிய ரெய்டு 25 பேருக்குக் குறைந்தது. 2008இல் 10 பேருக்கான வடிவமும் எல்லா ரெய்டுகளுக்கும் வந்தது. 2009 டிசம்பரில் டன்ஜன் எனப்படும் குகைகளுக்குக் குழு சேர்த்துத் தரும் டன்ஜன் ஃபைண்டர் என்ற கருவி வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். முன்னின்று அடி வாங்கும் டேங்க் ஒருவர், காயம் ஆற்றும் ஹீலர் ஒருவர், தாக்குபவர்கள் மூவர் என்று ஐந்து பேரை வெவ்வேறு சர்வர்களிலிருந்து பொறுக்கி எடுத்து, குகை வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தும். யாரையும் கேட்க வேண்டாம், நடந்து போகவும் வேண்டாம்.

என் கருத்தில் இந்த வரலாற்றின் மிக முக்கியமான நாள் அது. நேரம் இல்லாதவர்களுக்குக் கதவு திறந்தது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உள்ளே நடந்ததைப் பாருங்கள். ஐந்து பேரும் வணக்கம்கூடச் சொல்லாமல் ஓடுகிறார்கள். கடைசி அரக்கன் விழுந்ததும் கலைகிறார்கள். வேறு சர்வர்க்காரர், இனி வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை. கெட்ட பெயருக்கு அஞ்ச வேண்டியதில்லை, நல்ல பெயர் எடுத்தும் பயனில்லை. மெதுவாக ஆடுகிற புதியவரை ஓட்டுப்போட்டு வெளியேற்றிவிட்டு வேறொருவரை வரவழைக்கலாம். குழுவின் சுமைகள் எல்லாம் இருக்கின்றன: அவசரம், பிறர் கண் முன் தவறிவிடுவோமோ என்ற பயம், நடுவில் எழ முடியாமை. குழுவின் பயன் மட்டும் இல்லை. தனிமையின் நிம்மதியும் கூட்டத்தின் துணையும் இரண்டுமே கிடைக்காத ஆட்டம் ஒன்று உண்டென்றால், முன்பின் தெரியாத ஐவர் பேசாமல் ஓடுகிற இந்த ஆட்டம்தான். தனி ஆட்டக்காரர்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அந்தக் கருவியின் பிற்காலக் கதையும் சுவாரஸ்யமானது. 2019இல் பழைய விளையாட்டை கிளாசிக் என்ற பெயரில் மறுபடி வெளியிட்டபோது அந்தக் கருவி அதில் இல்லை. குழு தேடி வாய்விட்டுக் கேட்டு, நடந்துபோய்ச் சேர்கிற அந்தச் சிரமத்துக்காகவே திரும்பி வந்தவர்கள் பலர். 2022இல் அடுத்தடுத்த பகுதிகள் வந்து ரேத் கிளாசிக் என்ற பகுதியை எட்டியபோதும் அந்தக் கருவி வேண்டாம் என்றே நிறுவனம் நின்றது. மறுஆண்டே, ஆடுபவர்கள் கேட்டுக் கேட்டு, அதைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது. மக்களுக்கு இரண்டும் வேண்டும். ஒரே ஆளுக்கே ஒருநாள் அதுவும் மறுநாள் இதுவும் வேண்டும்.

இனி அந்தக் கடுமையான கேள்விக்கு வருகிறேன். தனியாக ஆடுகிறவர் இங்கே எதற்கு? அமெரிக்காவில் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த நிக்கொலா டுஷெனோவும், அவரோடு சேர்ந்து நிக் யீ முதலியோரும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் யார் எவ்வளவு நேரம் குழுவில் இருக்கிறார்கள் என்று தரவு திரட்டி 2006இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கூட்டு ஆட்டம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று கண்டார்கள். அதிலும் தொடக்க லெவல்களில் மிகக் குறைவு. அவர்கள் முன்வைத்த விளக்கம் அழகானது. மற்றவர்களோடு சேர்ந்து ஆடாவிட்டாலும், மற்றவர்கள் சூழ ஆடுவதை மக்கள் விரும்புகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் நமக்குப் பார்வையாளர், வேடிக்கை, உலகம் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி. நூலக வாசிப்பறையில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஆனாலும் அதே புத்தகத்தை வீட்டில் வாசிக்க முடியாமல் அங்கே போய் வாசிப்பவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள்.

இதற்கு இன்னும் கூர்மையான சான்று ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற எம்எம்ஓவில் இருக்கிறது. அங்கே சிலர் தங்களுக்குத் தாங்களே ஒரு விரதம் விதித்துக்கொண்டார்கள்: யாரோடும் வியாபாரம் கிடையாது, யாரிடமும் எதையும் வாங்குவதில்லை, வேண்டியதையெல்லாம் சொந்தக் கையால் தேடிக்கொள்வது. 2014இல் விளையாட்டு நிறுவனமே அயர்ன்மேன் என்ற பெயரில் இதை முறையான ஆட்டவகையாக்கியது. அப்படி ஆடுகிறவர் பேசும்போது அவர் பெயருக்குப் பக்கத்தில் தலைக்கவசச் சின்னம் தெரியும். யாருடைய உதவியும் இல்லாமல் ஏறியவர் என்று ஊர் அறிகிறது. ஊரே இல்லாத இடத்தில் அந்தச் சின்னத்துக்கு என்ன மதிப்பு? சந்தை இல்லாத இடத்தில் சந்தைக்குப் போக மாட்டேன் என்று விரதம் இருக்க முடியுமா? 2021இல் குழு அயர்ன்மேனும் வந்தது. இரண்டு முதல் ஐந்து பேர் வரை, வெளியார் உதவியின்றித் தங்களுக்குள் மட்டும் பகிர்ந்து ஆடுவது. தனி, குழு என்ற இரண்டு முனைகளுக்கு நடுவே இவ்வளவு இடம் இருக்கிறது.

அந்த இடத்தை மிக அழகாகப் பயன்படுத்தியது 2012இல் வந்த கில்ட் வார்ஸ் 2 என்று சொல்வேன். வயல்வெளியில் அரக்கப் படை புகுந்தால், அந்தப் பக்கம் போகிறவர்கள் யாரும் குழு அமைக்காமலே சேர்ந்து விரட்டலாம். பங்கெடுத்தவர் எல்லோருக்கும் பரிசு உண்டு. கனிமப் பாறையை ஒருவர் வெட்டினால் அடுத்தவருக்குக் குறைந்துவிடாது, அவரவருக்கு அவரவர் பாறை. விழுந்து கிடப்பவரை எந்த வகுப்பினரும் தூக்கிவிடலாம், தூக்கிவிட்டவருக்கும் அனுபவப் புள்ளி உண்டு. வழிப்போக்கராக வந்து உதவிவிட்டு, வழிப்போக்கராகவே போய்விடலாம்.

குழுவின் பக்கத்தில் நின்றும் ஒன்று சொல்ல வேண்டும், அதற்கு நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீனைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. டுஷென் என்ற தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்து 2014இல் 25 வயதில் இறந்தவர். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் அவர் பாத்திரத்தின் பெயர் ஐபெலின். அறைக்குள் கணினியோடு தனியாகக் கிடந்து போய்விட்டானே என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். மகன் இறந்த செய்தியைத் தந்தை அவருடைய வலைப்பதிவில் எழுதியதும், ஐரோப்பா முழுவதிலிருந்தும் மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. ஸ்டார்லைட் என்ற கில்டின் நண்பர்கள் அவர்கள். இறுதிச் சடங்குக்கே சிலர் பயணம் செய்து வந்தார்கள். 2024இல் பெஞ்சமின் ரே இயக்கிய ஆவணப்படம் இந்தக் கதையைச் சொல்கிறது. தன் நோயை அவர் நெடுங்காலம் அந்த நண்பர்களிடம் சொல்லவில்லை. நான் வியப்பது இதைத்தான்: அந்த நட்பைக் கட்டியது ரெய்டு வெற்றி அல்ல, நாளுக்கு நாள் அதே மனிதர்கள் அதே இடத்தில் சந்தித்துப் பேசியது. குழு என்றாலே அரக்கனைக் கொல்லப் போகும் படை என்று சுருக்கிவிடுகிறோம். அப்படிச் சுருக்கினால் ஐபெலினின் வாழ்க்கையில் பெரும்பகுதி கணக்கிலேயே வராது.

நம் நாட்டில் இருந்து ஆடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அதே வரிசையில் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 14இன் சர்வதேசப் பதிப்புக்கு ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா என்ற பகுதிகளில்தான் சர்வர்கள். மத்திய ஐரோப்பியர் குளிர்காலத்தில் இரவு 8 மணிக்கு ரெய்டு வைத்தால் நமக்கு நள்ளிரவு 12:30. அதே குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 6:30, அலுவலகத்துக்குக் கிளம்புகிற நேரம். சென்னையிலோ திருநெல்வேலியிலோ உட்கார்ந்து ஆடும் ஒருவர் சோலோ ஆடினால், அது அவருடைய சுபாவம் என்று எப்படிச் சொல்வது? கடிகாரம் செய்த முடிவு அது. அதேபோல், குரல்வழியே பேச வேண்டும் என்ற நிபந்தனையால் குழுவை விட்டு விலகும் பெண்கள் உண்டு. பெண் குரல் கேட்டதும் சிலர் நடந்துகொள்ளும் விதம் அவர்களை விரட்டுகிறது. அவர்கள் தனியாக ஆடுவதைத் தேர்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குழுக்களைத்தான் திருத்த வேண்டும்.

இப்போது நிறுவனங்கள் தனி ஆட்டக்காரருக்குக் கணினித் துணைவர்களைத் தருகின்றன. குழுவே கதி என்றிருந்த ஃபைனல் ஃபேன்டஸி 11 கூட 2013 டிசம்பரில் டிரஸ்ட் என்ற பெயரில் துணைப் பாத்திரங்களைத் தந்தது. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் 2022 முதல் பழைய கதை டன்ஜன்களையும் கணினித் துணைவர்களோடு முடிக்க வழி செய்யப்பட்டது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2024 ஆகஸ்டில் வந்த டெல்வ்ஸ், ஒருவர் முதல் ஐவர் வரை போகக்கூடிய சிறு குகைகள். மனிதர்கள் மனிதர்களை விட்டு விலகிவிடுவார்களே என்று சிலர் அஞ்சுகிறார்கள். நான் அஞ்சவில்லை. ஃபைனல் ஃபேன்டஸி 14 இன்னொன்றும் செய்திருக்கிறது: பழைய டன்ஜனுக்குத் தற்செயல் முறையில் போகச் சம்மதிக்கும் அனுபவசாலிக்குத் தினமும் கூடுதல் பரிசு, குழுவில் அந்த இடத்துக்குப் புதியவர் யாராவது இருந்தால் எல்லோருக்கும் இன்னும் கொஞ்சம். புதியவரின் பெயருக்கு அருகே முளைவிட்ட செடிச் சின்னம் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் நன்றாக ஆடியவர் ஒருவருக்குப் பாராட்டு வழங்கலாம். புதியவர் சுமை என்ற நிலை போய், புதியவர் வந்தால் லாபம் என்றாகிவிட்டது. டன்ஜன் ஃபைண்டர் போன்ற அதே இயந்திரம்தான், ஆனால் அங்கே நான் வருந்திச் சொன்ன நிலைமை இங்கே பெருமளவு மாறிவிட்டது. துணைக்கு ஆள் வேண்டாதவருக்குக் கணினித் துணைவர் இருப்பதால், மனிதக் குழுவுக்கு வருகிறவர் விரும்பி வருகிறார். அந்தக் குழுவுக்கு அது நல்லது.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். நடுவில் எழ வேண்டி வரலாம் என்று தெரிந்த நாளில் தனியாக ஆடுகிறேன். ஊரைச் சுற்றுகிறேன், மீன் பிடிக்கிறேன், கதையைப் பாதியில் நிறுத்தி எழுத்தை நிதானமாகப் படிக்கிறேன். குழு ஓடும்போது கதையைப் படிக்க விடமாட்டார்கள், அது பெரிய இழப்பு. வாரத்தில் எனக்கே எனக்கென்று உறுதியான மாலை கிடைத்தால் அதை அறிமுகமான அதே ஆட்களுக்குத் தருகிறேன். கில்டில் சேருவதற்கு முன் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த நேர மண்டலத்தில்? வராவிட்டால் என்ன ஆகும்? பொருளை எப்படிப் பங்கிடுகிறீர்கள்? குரலில் பேசியே ஆக வேண்டுமா? இதற்கு எரிச்சல்படுகிற கில்டில் சேர வேண்டாம். டேங்க்காகவோ ஹீலராகவோ இருக்க ஒப்புக்கொண்டால், நீங்கள் எழுந்தால் மொத்தக் குழுவும் விழும் என்று தெரிந்தே ஒப்புக்கொள்ளுங்கள்.

பெற்றோர் பலர் வந்திருக்கிறீர்கள், உங்களுக்கும் ஒன்று. "சாப்பிட வாடா" என்று கூப்பிடும்போது "நடுவில் எழ முடியாதும்மா" என்று பிள்ளை சொன்னால், அது பொய்யாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். தனியாக ஆடுகிறானா, குழுவிலா என்று கேளுங்கள். தனியாக என்றால் பாத்திரத்தைப் பத்திரமான இடத்தில் நிறுத்திவிட்டு இரண்டு நிமிடத்தில் வரலாம். குழு என்றால் இன்னும் மூன்று பேரோ, ஏழு பேரோ, வேறு ஊர்களில் அவனை நம்பி நிற்கிறார்கள். சாதாரண டன்ஜன் பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும், ரெய்டு இரண்டு மூன்று மணி நேரம் போகும். நாளைக்குத் தொடங்கும் முன்பே எத்தனை மணிக்கு முடியும் என்று அவனிடம் கேட்டு, சாப்பாட்டு நேரத்தை அதற்கு முன்போ பின்போ இருவரும் சேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள்.